முரசுக்காரனும் அறுபத்து மூன்று பேரும்

பிப்ரவரி 9

அக்கா, நூலகத்து மாடி ஹால் நமக்குக் கிடைச்சிருச்சு, ஒரு நாள் முழுசா, மேஜை ஆறு, மின்விசிறி எட்டு, ஜூலை இருபது ஞாயித்துக்கிழமை, பன்னெண்டு பேர் வரேன்னு பேரே குடுத்துட்டாங்க, பாலத்துச் சண்டையை நாம நிஜமாவே நடத்தப் போறோம்!!!

இரு, மூச்சு வாங்கிக்கறேன்.

நீ எப்படி இருக்க? மாமா எப்படி இருக்கார்? இங்க அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். அப்பாவுக்கு இருமல் விட்டுருச்சு. எனக்கு ஒரு குறையும் இல்ல, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சூப்பர் க்ளூல ஒட்டினதைத் தவிர. போன மாசம் வீட்டுக்குப் போட்ட கடிதத்துக்கு உன்கிட்ட இருந்து பதிலே இல்ல. அதான் இதை உன் லேப் விலாசத்துக்குப் போடறேன்.

நூலகர் முதல்ல, "என்னப்பா, பொம்மை விளையாட்டா?"ன்னு கேட்டார். நான் சொன்னேன்: "சார், சுண்டுவிரல் உயரத்துல நூத்து இருபத்தெட்டு பேர். ஒவ்வொருத்தனுக்கும் கண்ணு, மீசை, பட்டன் வரைக்கும் பெயிண்ட் அடிச்சிருக்கோம். மேஜை மேல மலை, ஆறு, பாலம் எல்லாம் வச்சு, டேப்பால அளந்து நகத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம்." "சத்தம் வருமா?"ன்னார். "தோக்கறவங்க சத்தம் மட்டும் வரும் சார்." சிரிச்சுட்டு சாவி குடுக்கறதா எழுதிக் குடுத்துட்டார்.

நீலப் படை என்கிட்ட இருக்கு. சிவப்புப் படை மூணு வருஷமா, உன் கல்யாணத்துல இருந்து, உன் வீட்ல தூங்குது. அறுபத்து நாலு பேரையும் எழுப்பிக் கூட்டிட்டு வா. அப்படியே, போன சண்டையில ஜெயிச்சுட்டு நீ பிணைக்கைதியா தூக்கிட்டுப் போன என் கொடிக்காரனையும். அவன் இல்லாம என் முன்வரிசை பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு.

போன்ல கேட்டிருக்கலாம்தான். ஆனா மூணாம் விதி: தளபதிகளுக்கு நடுவுல எழுத்து மட்டும்தான். உனக்குப் பதினாலு வயசுல நீயே போட்ட விதி. போன் அம்மாகூடப் பேச மட்டும்.

உடனே பதில் போடு. மீறினா முற்றுகை.

நீலத் தளபதி
(எ) உன் தம்பி குண்டூசி

*

மார்ச் 2

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. மறந்துவிடுவார், நீதான் நினைவுபடுத்த வேண்டும். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறாரா? வேண்டாம் என்று சொல்.

இனிமேலும் லேப் விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வரும் தபால் சரியாகக் கைக்கு வருவதில்லை.

ஹால் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் நீ பெட்டி கட்டும் லட்சணம் எனக்குத் தெரியும். சுற்றுலாவுக்குச் செருப்பை மறந்து, மீன்தொட்டி வலையை எடுத்துக்கொண்டு வந்தவன் நீ. ஆகவே கேட்டுக்கொள்.

போனதும் முதலில் எது வேண்டுமோ அது பெட்டிக்குள் கடைசியாகப் போக வேண்டும். பச்சை விரிப்புதான் முதலில் மேஜைமேல் விழும், அதனால் அது எல்லாவற்றுக்கும் மேலே. கனமானது அடியில். ஒரு கையால் தூக்க முடியாத பெட்டி வேண்டாம்; இன்னொரு கை கதவைத் திறக்க வேண்டியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டு. திறப்பது நீயாக இல்லாமல் போகலாம்.

தனியாக ஒரு சின்னப் பை வைத்துக்கொள். போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம் எது இல்லாமல் முடியாதோ, அது மட்டும். கத்தரிக்கோல், சார்ஜர், ஒரு துண்டு, ஒரு டம்ளர், சோப்பு.

அப்புறம், "பிறகு வந்து எடுத்துக்கலாம்" என்று எதையும் விட்டுவிட்டுப் போகாதே. விட்டது வராது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 9

சிவப்புத் தளபதி அவர்களுக்கு,

சௌக்கியமா? இங்க எல்லாரும் சௌக்கியம். ஒத்தடம் நடக்குது. அப்பா மாடிப்படியை விட்டுட்டு இப்ப வாசல்படிக்கு மாறிட்டார். முன்னேற்றம்தான்.

உன் கடிதத்தை அப்படியே நம்ம சண்டை குரூப்ல படிச்சுக் காட்டினேன். கைதட்டல்! பல் டாக்டர், "உங்க அக்கா ராணுவத்துலயா இருக்காங்க?"ன்னு கேட்டார். "ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல சார்"னேன். "ரெண்டும் ஒன்னுதான்"னார். இவர்தான் நம்ம புது ஆள். பழைய பல்லு சுரண்டற கம்பியெல்லாம் குடுத்தார். வீரனுங்க ஓரத்துல ஒட்டியிருக்கற வார்ப்புப் பிசிறை எடுக்க அதைவிட நல்ல சாமான் உலகத்துலயே கிடையாது. ஆனா வீரனைக் கையில எடுத்தா, "வாயைத் திற"ன்னு சொல்லிட்டுத்தான் சுரண்டறார்.

ஆனா ஒரு சந்தேகம். சண்டைக்கு எதுக்குக்கா துண்டு, டம்ளர், சோப்பு? நாம சண்டை போடப் போறோமா, குடித்தனம் போகப் போறோமா? குரூப்ல ரெண்டு நாளா இதுதான் காமெடி. யார் எதைக் கேட்டாலும், "டம்ளர் எடுத்து வச்சியா?"

என் பக்கம் வேலை: நான் வேலை பாக்கற மொபைல் கடையில செத்த போனுங்க ஒரு மூட்டை கிடந்துச்சு. முதலாளிகிட்ட கேட்டு ஸ்பீக்கர் காந்தத்தை எல்லாம் கழட்டி எடுத்துட்டேன். ஒவ்வொருத்தன் காலடியிலயும் ஒரு காந்தம், பெட்டி அடியில தகரம். ஆட்டினாலும் ஒருத்தனும் அசைய மாட்டான். இதை ஒரு வீடியோல பாத்தேன், ஆனா அவன் காந்தத்தைக் கடையில வாங்கினான். நான் அவனைவிடக் கெட்டிக்காரன்.

சிவப்புல எத்தனை பேருக்குக் கை கால் ஒடஞ்சிருக்குன்னு எண்ணிச் சொல்லு. மாமாவைக் கேட்டதாச் சொல்லு. அவரும் வராரா?

குண்டூசி

*

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. லேபில் ஆள் குறைவு, இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

தனியாக ஒரு பார்சல் வரும். ரத்தக் குப்பிகள் வைத்து வரும் ஸ்பாஞ்சுத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஐம்பது குழி. கம்பெனிக்காரர்கள் திரும்பக் கேட்பதில்லை, எல்லாம் கழுவிக் காயவைத்தது. உன் ஆட்கள் இடுப்புவரை உள்ளே இறங்குவார்கள், ஈட்டியும் தொப்பியும் வெளியே நிற்கும். குதிரைகளுக்கு இரண்டு குழியை ஒன்றாக வெட்டிக்கொள்.

ஹாலில் சிப்ஸ் வைக்காதே. எண்ணெய்க் கையோடு தொட்டால் பெயிண்ட் மங்கிவிடும். பிஸ்கட்டும் வாழைப்பழமும் போதும். குப்பைக்கு ஒரு பை எடுத்துப் போ. சாவி கொடுத்தவரின் ஹாலைக் கூட்டிவிட்டு வா.

அம்மா கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். போனில் நானும் சொல்கிறேன், ஆனால் என் குரலை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 14

அக்கா!!!

தட்டு வந்துருச்சு! நீலப் படை முழுக்க உள்ள உக்காந்தாச்சு. வெந்நீர்த் தொட்டியில குளிக்கற மாதிரி எல்லாரும் இடுப்பு வரைக்கும் இறங்கி நிக்கறாங்க. போட்டோ எடுத்துப் போட்டேன், நாலு ஊர்ல இருந்து யார் யாரோ, "இந்தத் தட்டு எங்க கிடைக்கும்?"னு கேக்கறாங்க. "எங்க அக்காகிட்ட"ன்னு போட்டேன்.

நேத்து பெட்டி கட்டற ஒத்திகை. நீ அவ்வளவு சொல்லியும் விரிப்பை அடியில வச்சுட்டேன். அதை எடுக்க மலை, பாலம், ஆறு, நாப்பத்தெட்டு மரம் எல்லாத்தையும் வெளிய எடுத்துத் தரையில பரப்ப வேண்டியதாப் போச்சு. அம்மா வந்து பாத்துட்டு, "ஒரு காட்டையே நடு வீட்ல இறக்கி வச்சிருக்கியே, நான் எப்படிடா பாத்ரூம் போறது?"ன்னாங்க. அப்பா ஆத்தைத் தாண்டிக் குதிச்சுப் போனார். பாலம் இருக்கறது அவர் கண்ணுல படல.

இப்ப முக்கியமான விஷயம். நீ இன்னும் சிவப்பு எண்ணிக்கை அனுப்பல. இதோட ரெண்டு தடவை கேட்டுட்டேன். யார் எந்த வரிசைன்னு தாள் அச்சடிக்கணும், மே மாசக் கடைசிக்குள்ள. பெட்டியைத் திற, எண்ணு, எழுது. பத்து நிமிஷ வேலை.

உன் உடம்பு எப்படின்னு கேக்க மறந்துட்டேன். எப்படி இருக்கு?

குண்டூசி

*

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கே வெயில் எப்படி? அப்பாவைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே.

எண்ணிவிட்டேன். அறுபத்து நாலு பேரும் இருக்கிறார்கள். காலாட்கள் நாற்பத்தைந்து, குதிரை பன்னிரண்டு, வில் ஆறு. முன்வரிசை நடுவில் முரசுக்காரன். நீ அவன் முரசில் சிந்திய பச்சைப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. யாருக்கும் உடைசல் இல்லை.

தாளை அச்சடித்துக்கொள். நான் வருவதைப் பற்றி அடுத்த மாதம் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

மே 24

அக்கா,

நல்லா இருக்கியா? நிஜமாத்தான் கேக்கறேன்.

முரசுக்காரன் என்கிட்ட இருக்கான்.

உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ பெட்டி கட்டினப்ப நான்தான் எடுத்தேன். போன சண்டையில தோத்தது நானு, பிணைக்கைதி எடுக்க எனக்கு உரிமையே இல்ல. திருட்டுத்தான். நீ பெட்டியைத் திறந்த உடனே கண்டுபிடிச்சுக் கத்துவ, அதுக்காகவாவது உடனே கடிதம் போடுவன்னு நினைச்சு எடுத்தேன். நீ கத்தவே இல்ல. சரி, தெரிஞ்சும் சும்மா இருக்கன்னு நினைச்சுக்கிட்டேன். இதோ, இதை எழுதும்போது என் மேஜை விளக்குக்குக் கீழதான் நிக்கறான். பச்சைப் பெயிண்ட் அப்படியேதான் இருக்கு.

அப்ப நீ எண்ணல. மனசுல இருந்து எழுதியிருக்க.

நீ பொய் சொல்ற ஆள் இல்ல. ஏன்க்கா?

தம்பி

*

ஜூன் 8

அக்கா,

ரெண்டு வாரம் ஆச்சு. இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. நான்தான் நல்லா இல்ல.

மூணாம் விதியை மீறி உனக்குப் போன் பண்ணினேன், நீ எடுக்கல. மாமாவுக்குப் பண்ணினேன். "குளிச்சிட்டு இருக்கா"ன்னார். சாயங்காலம் பண்ணினேன். "குளிக்கறா." மறுநாள் காலையில, "இப்பதான் குளிக்கப் போனா." எங்க அக்கா என்ன மீனா?

அம்மாகிட்ட எதுவும் சொல்லல. ஆனா நீ ஒரு வாரமா போன்ல ரெண்டு நிமிஷத்துல வச்சுடறன்னு அவங்களே சொல்றாங்க.

உன் மார்ச் கடிதத்தைத் திரும்பப் படிச்சேன். துண்டு, டம்ளர், சோப்பு. நான் அதை வச்சுக் காமெடி பண்ணினேன்.

சண்டையும் வேணாம், சிவப்பும் வேணாம். நீ எங்க இருக்க, அதை மட்டும் எழுது.

தம்பி

*

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே. நான் நன்றாக இருக்கிறேன். இந்தமுறை எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த வீட்டில் நான் இல்லை. ஜனவரிக் கடைசியிலேயே வந்துவிட்டேன். லேபுக்குப் பின் தெருவில், குடை ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னல் ஒன்று, வாளி ஒன்று, டம்ளர் ஒன்று. கீழே கடைக்காரர் நாள் முழுக்கக் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பார். மழை வந்தால் தெருவே அவர் கடையில் நிற்கும்.

உன் மாமா என்னை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அதனால்தான் யாரிடமும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கல்யாணமான முதல் மாதமே சிவப்புப் படைப் பெட்டி பரணுக்குப் போனது, நான் திறப்பதற்கு முன்பே. "நாம இப்ப பெரியவங்க இல்லையா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் என் தையல் மெஷின் ஏறியது. அப்புறம் என் சிநேகிதிகள் வருவது நின்றது. அப்புறம் எனக்கு வரும் கடிதங்களை அவர் முதலில் பிரித்தார். பரணுக்கு ஏறும் ஏணி, பூட்டிய அறைக்குள் போனது. ஜனவரியில் ஒரு நாள், "வேலைய விட்டுடேன், உனக்கெதுக்கு அலைச்சல்" என்றார், அதே சிரிப்போடு. அடுத்து பரணில் ஏறப்போவது நான்தான் என்று புரிந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு நாற்பது நிமிடத்தில் பெட்டி கட்டினேன். உனக்கு எழுதிய யோசனை எல்லாம் அன்று கற்றதுதான். ஏணி இல்லை. அறுபத்து நாலு பேரையும் விட்டுவிட்டு வந்தேன். இல்லை, அறுபத்து மூன்று. நீ திருடியதற்கு வாழ்க்கையில் முதல்முறையாக நன்றி சொல்கிறேன்.

பன்னிரண்டு பேரிடம் சொல்லிவிட்டாயே, எப்படியாவது பெட்டியை வாங்கிவிடலாம் என்று நம்பித்தான் நாள் கடத்தினேன். இரண்டு முறை ஆள் அனுப்பினேன். "அவளையே வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அது பெட்டியைப் பற்றிச் சொன்னது இல்லை. நான் போகமாட்டேன். அப்புறம்தான் எண்ணியதாக எழுதினேன். தப்புதான்.

உன் கொடிக்காரன் மட்டும் பத்திரம். எப்போதும் என் லேப் கோட்டுப் பையில் இருந்தவன், என்னோடேயே வந்துவிட்டான். அவனைத் தபாலில் அனுப்புகிறேன். நான் வரவில்லை. படை இல்லாத தளபதி அங்கே வந்து யார் முகத்தைப் பார்ப்பது?

அம்மாவிடம் நானே சொல்கிறேன். கொஞ்சம் நேரம் கொடு.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 25

அக்கா,

படிச்சேன். நாலு தடவை படிச்சேன். கடையில ஒரு நல்ல போனோட திரையை உடைச்சுட்டேன், முதலாளி என் மூஞ்சியைப் பாத்துட்டு, "நீ போய் டீ குடி"ன்னார்.

முதல்ல ஒன்னு. நான் வந்து அந்தப் பரணை இறக்கட்டுமா? பல் டாக்டர்கிட்ட வண்டி இருக்கு, நூலகர்கிட்ட ஏணி இருக்கு. யாருக்கும் எதுக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ சரின்னு சொன்னா மட்டும்தான். நீ சொல்லாம ஒரு படி ஏற மாட்டேன்.

ரெண்டாவது. விதிப் புத்தகம் முழுக்கத் தேடினேன், உன் கையெழுத்துல இருக்கற பதினோரு விதியும். படை இல்லாத தளபதி வரக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. பத்தாம் விதி என்ன தெரியுமா? "கடைசி ஆள் நிக்கற வரைக்கும் படை தோத்ததா கணக்கு இல்ல." உனக்கு ஒரு ஆள் நிக்கறான். பச்சைப் பெயிண்ட் சிந்தின முரசோட.

மூணாவது. கொடிக்காரனைத் தபால்ல அனுப்பாத. பிணைக்கைதியைத் தளபதி நேர்ல வந்துதான் ஒப்படைக்கணும். இது இப்ப நான் போட்ட பன்னெண்டாம் விதி.

மிச்சம் அறுபத்து மூணு பேரை நான் பாத்துக்கறேன். எப்படின்னு கேக்காத, ராணுவ ரகசியம்.

வேளைக்குச் சாப்பிடறியா? அறையில காத்து வருதா? கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கா?

தம்பி

*

ஜூலை 4

அன்புள்ள குண்டூசிக்கு,

சாப்பிடுகிறேன். காற்று வருகிறது. தாழ்ப்பாள் இரண்டு இருக்கிறது, ஒன்று நானே போட்டது.

பரணை விட்டுவிடு. ஏணி நூலகரிடமே இருக்கட்டும். அங்கே எனக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை, இருக்கிறது. ஆனால் அதற்காக நீ அந்த வாசலில் நிற்பதை நான் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எல்லாம். அம்மா கேட்டது இதுதான்: "டம்ளர் ஒன்னுதான் இருக்கா? அப்ப நான் வந்தா எதுல குடிக்கறது?"

அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறை.

பத்தொன்பதாம் தேதி காலை பஸ்ஸில் ஏறுகிறேன், எட்டு மணி நேரம். ஒரு சின்னப் பைதான். கத்தரிக்கோல், சார்ஜர், துண்டு, உன் கைதி.

ராணுவ ரகசியம் என்கிறாய், ஆனால் விரிப்பை இந்தமுறையாவது மேலே வை.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 9

பாலத்துச் சண்டைக்கு வர்ற பன்னெண்டு பேருக்கும், இன்னும் பேர் குடுக்காத எல்லாருக்கும்,

சிவப்புத் தளபதி வராங்க வராங்க வராங்க, எட்டு மணி நேரம் பஸ்ல, எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் குடுத்து என்னை ஒன்பது தடவை தோக்கடிச்ச எங்க அக்கா, நேர்ல!

எல்லாரும் சுகமா இருக்கீங்களா? ஜுரம் கிரம் இருந்தா இப்பவே சரி பண்ணிக்கோங்க, இருபதாம் தேதி லீவு கிடையாது.

ஹால் காலையில ஒன்பது மணிக்குத் திறக்கும். விரிப்பு, மலை, ஆறு, மரம், டேப் ஆறு, பகடை நாப்பது, பிஸ்கட், வாழைப்பழம், குப்பைப் பை எல்லாம் நான் கட்டி வச்சுட்டேன். விரிப்பு மேல. மூணு தடவை பாத்துட்டேன். டம்ளர் பதினாலு. இனிமே யாரும் டம்ளரை வச்சு ஜோக் அடிக்கக் கூடாது, நான் உட்பட.

இப்ப உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். சிவப்புப் படை வரல. ஏன்னு கேக்காதீங்க, எங்க அக்காகிட்ட கேக்கவே கேக்காதீங்க. அறுபத்து மூணு பேர் குறையுது. ஆளுக்கு அஞ்சு பேர் கூட்டிட்டு வாங்க. எந்தப் படையா இருந்தாலும் சரி, எந்தக் காலமா இருந்தாலும் சரி. பெயிண்ட் அடிக்காதவன், கை ஒடஞ்சவன், சதுரங்கச் சிப்பாய், பிளாஸ்டிக் மாடு, எதுவா இருந்தாலும் பரவாயில்ல. காலடியில ஒரு சொட்டு சிவப்பு வச்சா போதும், அவன் நம்ம ஆளு. பல் டாக்டர் இப்பவே ஒன்பது பிளாஸ்டர் பல்லுக்குச் சிவப்பு அடிச்சு போட்டோ அனுப்பிட்டார். கடைவாய்ப் பல் படைப்பிரிவாம். ஏத்துக்கிட்டாச்சு.

ஆனா குடுத்தா திரும்பக் கேக்கக் கூடாது. சண்டை முடிஞ்சதும் அவங்க எல்லாரும் ஸ்பாஞ்சுத் தட்டுல ஏறி எங்க அக்காவோட போவாங்க. அவங்க அறையில ஜன்னல் ஓரமா இடம் இருக்கு.

இதைப் படிச்ச உடனே உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க. யார் எத்தனை பேர் கொண்டு வரீங்கன்னு கீழ எழுதுங்க.

இப்போதைக்குச் சிவப்புல ஒருத்தன்தான் நிக்கறான், என் மேஜை மேல. முரசு அடிக்கிறவன். அடிச்சுக்கிட்டே இருக்கான். காதுல விழுந்தவங்க எல்லாரும் கிளம்பி வாங்க.